ஆட்டுக்கு மூடிய காடு, சீட்டுக்குத் திறக்கும் காடு

இமாச்சலப் பிரதேசத்தின் காட்டுப்பாதைகளில் கடந்த இருபது ஆண்டுகளாகப் புதிய வண்டியொன்று ஓடத் தொடங்கியிருக்கிறது. பருத்த பற்கள் கொண்ட சக்கரங்களும், அதிர்வைத் தாங்கும் அமைப்பும், கல்லிலும் வேரிலும் மோதி உடையாத சட்டமும் உடைய மலைமிதிவண்டி அது. 2005ஆம் ஆண்டில் சிம்லாவை மையமாகக் கொண்டு, பல நாள்கள் நீளும் மலைமிதிவண்டிப் போட்டி தொடங்கப்பட்டது. தேவதாரு மரங்களின் ஊடாகச் செல்லும் அதன் வழி, குலு மாவட்டத்திலுள்ள ஜலோரி கணவாயையும் கடந்ததுண்டு. அக்கணவாய் கடல்மட்டத்திலிருந்து 3,000 மீட்டருக்கும் மேல் உயரமானது. போட்டியைத் தொடர்ந்து பயண நிறுவனங்கள் வந்தன. நிறுவனங்களைத் தொடர்ந்து விடுதிகள் வந்தன. இப்போது காட்டுத் தடங்களை இவ்வண்டிகளுக்கென்றே செப்பனிட்டு, பெயரிட்டு, கட்டணம் வைத்து விற்கும் பேச்சு எழுந்திருக்கிறது.

மிதிவண்டியை யார்தான் எதிர்ப்பார்கள்? அது புகை கக்குவதில்லை, எரிபொருள் குடிப்பதில்லை, மலையைக் குடைவதில்லை. நான்குவழிச் சாலைகளும் சுரங்கங்களும் நீர்மின் திட்டங்களும் இமயத்தைச் சிதைத்துக்கொண்டிருக்கையில், இரண்டு சக்கரங்களோடு சண்டைக்குப் போவது இடதுசாரிகளுக்கு அழகா என்று சிலர் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே. ஆனால் சண்டை சக்கரத்தோடு அல்ல. அந்தச் சக்கரம் எந்தப் பாதையில் உருள்கிறது, அப்பாதையை உண்டாக்கியவர் யார், இன்று அதில் நடக்க உரிமை உடையவர் யார், உரிமை மறுக்கப்பட்டவர் யார், இதையெல்லாம் தீர்மானிக்கும் அதிகாரம் எவர் கையில் உள்ளது என்பவையே நம் கேள்விகள். இவற்றுக்கு விடை சொல்லாமல் 'பசுமைச் சுற்றுலா' என்று வாழ்த்துப்பா பாடுவோர், தெரிந்தோ தெரியாமலோ, காட்டைப் பொதுவிலிருந்து பறித்து விற்பனைச் சரக்காக்கும் வேலைக்குத் துணைநிற்கிறார்கள்.

பாதை தானாக முளைப்பதில்லை

காட்டுப்பாதையை இந்தியில் 'பக்டண்டி' என்கிறார்கள். காலடியால் உண்டான வழி என்பது அதன் கருத்து. தமிழில் 'தடம்' என்ற ஒரே சொல் பாதம் பதிந்த சுவட்டையும் குறிக்கும், பாதையையும் குறிக்கும். இரு மொழிகளும் ஒரே உண்மையைத்தான் சொல்கின்றன: கால்கள் நடந்ததால்தான் பாதை உண்டாயிற்று.

குலு, காங்ரா, சம்பா மாவட்டங்களின் மலைச்சரிவுகளில் இந்தக் கால்கள் யாருடையவை? குளிர்காலத்தில் சிவாலிக் அடிவாரத்திலும் கோடையில் லாஹூலின் உயர்மேய்ச்சல் நிலங்களிலுமாக, ஆண்டுதோறும் ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஏறி இறங்கும் மேய்ப்பர்களுடையவை. புல்லும் விறகும் சுமந்து வரும் பெண்களுடையவை. இளவேனிலில் குச்சிக் காளான் தேடிச் செல்லும் சிறுவர்களுடையவை. ஊர்த் தேவதையின் பல்லக்கைத் தோளில் ஏந்தி மலையேறும் குடிமக்களுடையவை. எந்தச் சரிவில் மண் நிற்கும், எங்கே பனி கடைசியில் உருகும், எந்த வளைவில் நீரூற்று உண்டு என்று தலைமுறைதலைமுறையாக அறிந்தவர்கள் வகுத்த வழிகள் அவை. விளம்பரத்தில் இவற்றையே 'மனிதக் கால் படாத பாதை' என்று எழுதுகிறார்கள். மனிதக் கால் படாதிருந்தால் அங்கே பாதையே இருந்திராது என்ற எளிய தருக்கம்கூட விளம்பர எழுத்தாளர்களுக்கு உறைப்பதில்லை.

இம்மலைகளில் வேறொரு வகைப் பாதையும் உண்டு. ஆங்கிலேயர் அமைத்த குதிரைவழிகள் அவை. அவற்றுள் புகழ்பெற்றது 1850இல் டல்ஹவுசி காலத்தில் தொடங்கப்பட்ட இந்துஸ்தான்–திபெத் சாலை. சிம்லா மலைகளில் சாலை வெட்டவும், துரைமார்களின் மூட்டைகளைச் சுமக்கவும் கூலியின்றி வேலை வாங்கும் 'பேகார்' முறை நடைமுறையில் இருந்தது. வேட்டைக்கும் ஓய்வுக்கும் வந்த ஒவ்வொரு அதிகாரிக்கும் பின்னால் கூலியற்ற குடியானவர்களின் வரிசை நடந்தது. 1921இல் கோட்கட் பகுதி மக்கள் சாமுவேல் ஸ்டோக்ஸின் தலைமையில் பேகாரை எதிர்த்துப் போராடி வென்றார்கள். குமாவுன் மலைகளிலும் அதே ஆண்டு சனவரியில், பாகேஸ்வரத்தின் உத்தராயணத் திருவிழாவில் திரண்ட மக்கள், கூலியற்ற வேலைக்கான பதிவேடுகளைச் சரயு ஆற்றில் எறிந்தார்கள். மலைமக்களுக்குப் பாதையும் உழைப்பும் உரிமையும் பிரிக்க முடியாத ஒரே பிரச்சினையாக இருந்து வந்துள்ளன. இன்று குதிரைவழிகளின் 'பாரம்பரிய அழகை' விற்போர் இந்த வரலாற்றை ஒரு வரியிலும் சொல்வதில்லை.

ஒரே சட்டம், இரண்டு பார்வை

ஜலோரி கணவாய்க்கு அப்பால் தீர்த்தன் பள்ளத்தாக்கு உள்ளது. அதன் மேற்பகுதியும், சைஞ்ச், ஜீவா பள்ளத்தாக்குகளின் மேற்பகுதிகளும் சேர்ந்த ஏறத்தாழ 754 சதுர கிலோமீட்டர் பரப்பு 'மகா இமயத் தேசியப் பூங்கா' என்று பெயர் பெற்றிருக்கிறது. 1984இல் முதல் அறிவிக்கை வந்தது. 1999இல் இறுதி அறிவிக்கை வந்தது. 2014இல் யுனெஸ்கோ அதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. மலைமிதிவண்டித் தடங்கள் பெரும்பாலும் பூங்காவின் எல்லைக்கு வெளியே உள்ள காடுகளில்தான் அமைகின்றன. ஆயினும் காட்டின் கதவு யாருக்குத் திறக்கும், யாருக்கு மூடும் என்ற விதி அப்பட்டமாக எழுதப்பட்டிருப்பது இங்கேதான். ஆகவே இதைப் படிக்காமல் மற்றதைப் புரிந்துகொள்ள முடியாது.

1999இன் இறுதி அறிவிக்கையோடு, சுற்றியுள்ள ஊர் மக்கள் பூங்காவுக்குள் கொண்டிருந்த மேய்ச்சல் உரிமையும் மூலிகை சேகரிக்கும் உரிமையும் முடிவுக்கு வந்தன. யாருக்கு உரிமை இருந்தது என்பதைத் தீர்மானிக்க எடுத்துக்கொள்ளப்பட்டது, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேய அதிகாரிகள் எழுதிவைத்த பதிவேடு. அதில் பெயர் கண்ட குடும்பங்களின் வழிவந்தோருக்கு இழப்பீடு என்ற பெயரில் பணம் கிடைத்தது. பெயர் காணாதவர்களுக்கு, அவர்கள் எத்தனை தலைமுறையாக அங்கே மேய்த்திருந்தாலும், ஒன்றுமில்லை.

இதே வேளையில், ஜீவா பள்ளத்தாக்கில் ஏறத்தாழ 10 சதுர கிலோமீட்டர் நிலம் பூங்காவின் எல்லையிலிருந்து விலக்கப்பட்டது. எதற்காக? பார்வதி நீர்மின் திட்டத்துக்காக. ஆட்டின் குளம்பு இயற்கைக்குப் பகை. வெடிவைத்துப் பாறை பிளப்பது பகையன்று! இதைவிடத் தெளிவாக ஓர் அரசு தன் வர்க்கக் குணத்தை வெளிக்காட்ட இயலாது.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைப் புரட்டிப் பார்ப்போம். சரணாலயத்துக்குள் நுழைய எந்தெந்த நோக்கங்களுக்கு அனுமதிச்சீட்டு வழங்கலாம் என்று 28ஆம் பிரிவு பட்டியலிடுகிறது. அப்பட்டியலில் சுற்றுலா இடம்பெறுகிறது. தேசியப் பூங்காவில் எந்தக் கால்நடையும் மேயலாகாது, நுழையவும் கூடாது என்று 35ஆம் பிரிவு விதிக்கிறது. அதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு: அனுமதி பெற்று நுழையும் ஒருவர் வாகனமாகப் பயன்படுத்தும் விலங்கு உள்ளே வரலாம். பயணியைச் சுமக்கும் கோவேறு கழுதைக்கு வழி உண்டு; மேய்ப்பனுக்குச் சோறிடும் ஆட்டுக்கு வழி இல்லை. அந்த மக்கள் 'தாச்' என்றழைக்கும் உயர்மேய்ச்சல் வெளிகளில் இன்று கட்டணம் செலுத்திய பயணிகள் கூடாரம் அடிக்கிறார்கள். அவர்களுக்குச் சமையல்காரனாகவும் சுமைகாரனாகவும் வந்தால் மட்டும் மேய்ப்பனின் மகன் தன் தந்தை நடந்த வழியில் நடக்கலாம்.

காட்டில் உதிர்ந்த சுள்ளி பொறுக்குவதைத் திருட்டாக்கும் சட்டத்தை ரைன்லாந்து மாகாணச் சபை விவாதித்திருந்தது; 1842இல் 24 வயது மார்க்ஸ் தாம் பணியாற்றிய இதழில் அதனைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். ஏழைகளின் வழக்காற்று உரிமையைக் காட்டுடைமையாளரின் சொத்துரிமை விழுங்குவதை அவர் அங்கே கண்டார். பொருளியல் பிரச்சினைகளின் பக்கம் தம்மை முதலில் திருப்பியவற்றுள் அதுவும் ஒன்று என்று பிற்காலத்தில் அவரே குறிப்பிட்டார். நூற்றெண்பது ஆண்டுகள் கடந்தும் அதே சட்டம் வேறு மொழியில், வேறு மலையில் எழுதப்பட்டுக்கொண்டிருக்கிறது.

வரையறையை மாற்றிக் காட்டைக் கொடுத்தல்

சட்ட வாசகங்களைத் தமிழாக்கும் பணியில் இருப்போர் முதலில் படிப்பது வரையறைப் பகுதியைத்தான். சட்டத்தின் உள்ளம் முகவுரையில் இராது; வரையறையில்தான் இருக்கும்.

1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டம், காட்டு நிலத்தைக் 'காடுசாரா நோக்கத்துக்கு' மாற்ற வேண்டுமாயின் ஒன்றிய அரசின் முன் ஒப்புதல் தேவை என்றது. 2023 சூலை–ஆகத்து மாதங்களில் நாடாளுமன்றம் அச்சட்டத்தைத் திருத்தியது. வனத்துறையின் செயல்திட்டத்தில் சேர்க்கப்பட்ட சூழல் சுற்றுலா வசதிகள் இனிக் 'காடுசாரா நோக்கம்' ஆகமாட்டா என்று திருத்தம் கூறுகிறது. சுற்றுலாக் குடிலையும் மரம் என்று பெயர் மாற்றி எழுதினால் காடு குறைந்ததாகக் கணக்கில் வராது அல்லவா? அதே சூலை மாதத்தில் பியாஸ் ஆறு கரைபுரண்டு குலு, மண்டி மாவட்டங்களில் சாலைகளையும் வீடுகளையும் அடித்துச் சென்றது. மலை சரிந்துகொண்டிருந்தபோதே மலைக்காட்டின் காவல் தளர்த்தப்பட்டது.

ஒரு மிதிவண்டித் தடம் தன்னளவில் சிறிய செயல். ஆனால் தடம் தனியாக வருவதில்லை. தடத்தின் முனையில் வண்டி நிறுத்தம், அடுத்து உணவுக்கூடம், அடுத்துக் கூடார விடுதி, அடுத்துச் சுற்றி வேலி, கடைசியில் வேலிக்கு ஒரு காவலாள் என்று வரும். முன்பு ஒவ்வொரு படிக்கும் கேள்வி கேட்கச் சட்டத்தில் இடம் இருந்தது. இப்போது செயல்திட்டத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும். அந்தச் செயல்திட்டத்தை எழுதுவது கிராம சபை அன்று; வனத்துறை.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமோ வேறு திசையில் நடந்தது. பழங்குடி அமைப்புகளின் நெடிய போராட்டமும், அன்று ஒன்றிய அரசுக்கு வெளியிலிருந்து ஆதரவளித்த இடதுசாரிகளின் வலியுறுத்தலும் அச்சட்டத்தைப் பெற்றுத் தந்தன. அதன் 3(1) பிரிவு, நிலைத்து வாழ்வோரின் மேய்ச்சல் உரிமையோடு பருவந்தோறும் இடம்பெயரும் மேய்ப்பர்களின் உரிமையையும் ஏற்கிறது. காட்டைக் காத்து நிர்வகிக்கும் உரிமையையும் சமூகத்துக்கு அளிக்கிறது. இமாச்சலத்தின் பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு சட்டப்படி காடு. அத்தகைய மாநிலத்தில் இச்சட்டம் முன்னணியில் செயல்பட்டிருக்க வேண்டும். ஆனால் அங்கே மாறிமாறி ஆண்ட கட்சிகள் அதனைக் கிடப்பில் போட்டன. சாலைக்கும் பள்ளிக்கும் ஒரு எக்டேர் வரை காட்டு நிலம் எடுக்க உதவும் 3(2) பிரிவை மட்டும் விரைவாகப் பயன்படுத்தின. சாலையும் பள்ளியும் வேண்டியவைதாம். ஆனால் நிலம் எடுக்கும் பிரிவு ஓடுகிறது, உரிமை தரும் பிரிவு முடங்கிக் கிடக்கிறது என்றால், அதனை மறதி என்று சொல்ல முடியுமா?

வேலை தருகிறார்களாமே!

சுற்றுலா வேலை தருகிறது என்பது இவர்களின் வலுவான வாதம். மலைநாட்டு இளைஞனுக்கு வேலை வேண்டும். அதில் நமக்கு ஐயமில்லை. சிம்லா மலைகளின் இளைஞர்கள் தேசிய மலைமிதிவண்டிப் போட்டிகளில் வென்று பெயர் பெற்றிருக்கிறார்கள் என்பதும் மகிழ்ச்சிக்குரியது. ஆனால் எத்தகைய வேலை என்று கேட்போம்.

வழிகாட்டி, சமையல்காரர், சுமைகாரர், வண்டி பழுதுபார்ப்பவர், துணை ஊர்தி ஓட்டுநர் ஆகியோர்தாம் இத்தொழிலின் உழைப்பாளிகள். சில மாதப் பருவத்துக்கே வேலை; மழையும் பனியும் வந்தால் வேலை இல்லை. எழுத்துமூல ஒப்பந்தம் அரிது. சரிவில் வண்டி ஓட்டுபவர் விழுந்தால் காப்பீடு பேசும். அவரைத் தூக்கி வருபவர் வழுக்கி விழுந்தால் பேச எவருமில்லை. பல இலட்சம் ரூபாய் விலையுள்ள வண்டியைத் தோளில் சுமந்து கணவாய் ஏற்றுபவரின் ஒரு பருவ வருமானம், அவ்வண்டியின் விலையில் சிறு பகுதிகூட இராது.

விடுதிகளின் நிலையும் இதுவே. விவசாயி அல்லாதார் வேளாண் நிலம் வாங்குவதை இமாச்சலத்தின் 1972ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டத்தின் 118ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. மலைமக்களைக் காத்துவந்த அரண் அது. இன்று நீண்டகாலக் குத்தகையும் உள்ளூர்ப் பெயரும் அந்த அரணில் ஓட்டை போடுகின்றன. நிலம் விவசாயியின் பெயரில் இருக்கும். இலாபம் நகரத்துக்குப் போகும். அவர் தம் நிலத்திலேயே காவலாளி ஆவார். இதனை வேலைவாய்ப்பு என்று அழைக்க ஆளும் வர்க்கத்துக்கு மட்டுமே நா வரும்.

இரு தவறான விடைகள்

நம் பக்கத்திலும் ஒரு தவறான விடை உலவுகிறது. 'இது பணக்காரர் பொழுதுபோக்கு. தடை செய்துவிட்டால் போயிற்று' என்பது அது. தோழர்களே, இது எளிய விடை. ஆகவேதான் பிழையான விடை. தடையை நடைமுறைப்படுத்தப் போவது யார்? அதே வனத்துறை. அதன் கோல் முதலில் விழுவது மேய்ப்பனின் முதுகில்தான்.

ஓய்வும் விளையாட்டும் உழைக்கும் மக்களின் உரிமை என்பதையும் நாம் மறக்கலாகாது. புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான கிராமப் பெண்களை மிதிவண்டியில் ஏற்றியதைப் பெருமையோடு பேசுபவர்கள் நாம். காட்டுப்பாதைக்கான போராட்டத்திலும் நமக்கு முன்னோர் உண்டு. இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரத் தொழிலாளர்களுக்கு அருகே இருந்த மலைவெளிகள், பிரபுக்களின் பறவை வேட்டைக்கென அடைக்கப்பட்டிருந்தன. 1932 ஏப்ரல் 24 அன்று இளம் கம்யூனிஸ்டுகளின் முன்முயற்சியில் நூற்றுக்கணக்கானோர் தடையை மீறிக் கிண்டர் ஸ்கவுட் மலையில் ஏறினார்கள். ஐவர் சிறை சென்றனர். அவர்களுள் ஒருவரான பென்னி ராத்மன், தொடர்வண்டி நிலையத்தில் காத்திருந்த காவலரைத் தவிர்க்க மிதிவண்டியில் வந்து சேர்ந்தார் என்பது வரலாறு. அவர்கள் கேட்டது என்ன? பிரபு சீட்டு அச்சிட்டு விற்க வேண்டும் என்றா? இல்லை. வேலி நீங்க வேண்டும் என்றார்கள். நம் வழியும் அதுவே. மிதிவண்டிக்கு எதிராக வேலி போடுவது நம் வேலை அன்று. மேய்ப்பனுக்கு எதிராகப் போட்ட வேலியை அகற்றுவதே நம் வேலை.

மற்றொரு தவறான விடை, மனிதரை வெளியேற்றினால் காடு தழைக்கும் என்னும் காப்பியலாரின் விடை. மேய்ச்சல் மிகுந்தால் புல்வெளி நலியும் என்பது உண்மை. இனப்பெருக்கக் காலத்தில் ஆளரவம் கேட்டால், அங்கே 'ஜூஜுரானா' எனப்படும் அரிய மலைப்பறவைக்குத் தீங்கு நேரும் என்பதும் உண்மை. முறையாக ஓட்டப்படும் மிதிவண்டியால் உண்டாகும் மண்ணரிப்பு, நடப்போர் காலால் உண்டாவதைவிடப் பெரிதன்று என்று ஆய்வுகள் சில கூறுவதையும் நாம் மறுக்க வேண்டியதில்லை. ஈரமண்ணில் வேகத்தைப் பிடித்து நிறுத்தும்போது சக்கரம் கீறும் பள்ளமே வாய்க்காலாகிப் பாதையை அரிக்கும் என்பதும் கண்கூடு. எந்த மாதம் எந்த வழி திறக்கலாம், எத்தனை ஆடு, எத்தனை வண்டி என்பனவெல்லாம் அளந்து முடிவு செய்ய வேண்டியவையே. அந்த முடிவை எடுக்க வேண்டியவர் யார் என்பதில்தான் நமக்கும் அவர்களுக்கும் வேறுபாடு. 2013இல் நியமகிரியில் 12 கிராம சபைகள் கூடி, ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் பாக்சைட் சுரங்கத்தை ஒரே குரலில் நிராகரித்தன. சுரங்கத்தைப் பற்றி முடிவெடுக்கத் தெரிந்த மக்களுக்கு மிதிவண்டித் தடத்தைப் பற்றி முடிவெடுக்கத் தெரியாதா?

நாம் கோருவது

வன உரிமைச் சட்டத்தின் 3(1) பிரிவின்கீழ் சமூக உரிமைகளும் இடம்பெயரும் மேய்ப்பர்களின் வழியுரிமையும் முதலில் ஏற்கப்பட வேண்டும். அதன்பின்னரே எந்தப் புதிய தடத்தைப் பற்றியும் பேச்சு. தேசியப் பூங்காக்களில் பறிக்கப்பட்ட உரிமைகளும் இச்சட்டத்தின் ஒளியில் மறு ஆய்வுக்கு வர வேண்டும். கிராம சபையின் எழுத்துமூல ஒப்புதலின்றிக் காட்டில் எந்தச் சுற்றுலா வசதியும் அமையலாகாது. மந்தைகள் ஏறி இறங்கும் வாரங்களிலும், மழைக்காலத்திலும், பறவைகள் குஞ்சு பொரிக்கும் காலத்திலும் தடத்தை மூடும் அதிகாரம் கிராம சபைக்கே வேண்டும். கட்டண வருவாய் கிராம சபையின் கணக்கில் சேர வேண்டும். பாதையைச் செப்பனிடும் உழைப்புக்கு அதிலிருந்து முழுக் கூலி வழங்கப்பட வேண்டும். பேகார் மறுபெயரில் திரும்பி வரக் கூடாது. வழிகாட்டிகளுக்கும் சுமைகாரர்களுக்கும் ஒப்பந்தமும் விபத்துக் காப்பீடும் சட்டப்படி கட்டாயமாக வேண்டும். அவர்களைச் சங்கமாகத் திரட்டுவது நம் தொழிற்சங்கத் தோழர்களின் கடமை. மலைநாட்டு அரசுப் பள்ளிகளின் பிள்ளைகளுக்கு இவ்வண்டிகளும் பயிற்சியும் கிடைக்க வேண்டும். தம் பாட்டன் நடந்த வழியில் அவர்கள் பார்வையாளர்களாக ஓரத்தில் நிற்பதை நாம் ஏற்கமாட்டோம். அனைத்துக்கும் மேலாக, 2023ஆம் ஆண்டின் திருத்தம் திரும்பப் பெறப்பட வேண்டும்.

தமிழ் படிக்கும் தோழர்களுக்குக் குலு தொலைவாகத் தோன்றலாம். ஆனால் 2023ஆம் ஆண்டுத் திருத்தம் இமயத்துக்கு மட்டும் எழுதப்பட்டதன்று. இந்நாட்டின் ஒவ்வொரு மலைச்சரிவுக்கும் எழுதப்பட்டது. காடருகே உள்ள ஒவ்வொரு கிளையும், தன் பகுதியின் வனச் செயல்திட்டத்தைக் கேட்டுப் பெற்று, அதில் 'சூழல் சுற்றுலா' என்ற தலைப்பின்கீழ் எழுதியிருப்பதைப் படிக்க வேண்டும். படித்ததைக் கிராம சபையில் உரக்கச் சொல்ல வேண்டும். நடந்து பாதையை உண்டாக்கியவர்களின் கையில் அப்பாதையைப் பற்றிய தீர்ப்பு வந்து சேரும் வரை அந்த வேலை ஓயாது.